போக வர

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். சிவக்குமார் பதினேழு வருடமாக ரிக் லாரியில் போர் போடுகிறவன். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போய் ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் பூமியைத் துளைத்திருக்கிறான். புழுதி வந்திருக்கிறது, சேறு வந்திருக்கிறது, அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. பூதம் வந்ததில்லை. கடைசியில் அது திருச்செங்கோட்டில் ஒரு பத்திர எழுத்தரின் மேசையில், மடிப்பு இற்றுப்போன காகிதத்திலிருந்து கிளம்பி வந்தது.

அந்த ஒன்றரை ஏக்கரை அவனும் மனைவி சண்முகப்பிரியாவும் ஆடிக் கடைசியில் போய்ப் பார்த்தார்கள். தார் ரோட்டை ஒட்டிய மேட்டாங்காடு. சுற்றிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஆள் உயரம் நின்றது. இது மட்டும் நாலைந்து வருடமாகப் பண்ணையம் இல்லாமல் கிடந்து, பெய்த மழைக்கு முழங்கால் அளவு புல் ஏறியிருந்தது. கிழக்கே ரோட்டில் தொடங்கி மேற்கு மூலை வரைக்கும், புல்லுக்கு நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு கோடு. அதில் மட்டும் புல் இல்லை. வாசல் கூட்டி விட்டதுபோலக் கிடந்தது.

“ஆட்டுத் தடம்,” என்றான் சிவக்குமார்.

சண்முகப்பிரியா குனிந்து பார்த்தாள். முந்தின நாள் தூறலில் மண் பதமாக இருந்தது.

“ஏனுங்க, ஆட்டுக்கு அஞ்சு விரலா இருக்குது?”

வெறுங்கால் தடங்கள். அகலமில்லாத, பொம்பளைக் கால். வலது காலின் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகியிருந்தது. எல்லாமே மேற்கே பார்த்துப் போயிருந்தன. சிவக்குமாருக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தடத்துக்கு இரண்டு எட்டு தள்ளித் தேங்காய் எழுந்து நின்றது.

“இங்க போரு. அப்ப ஊடு இங்க,” என்று தடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். “யாரோ நடந்து பழகிட்டாங்க. ஊட்டைக் கட்டினா அவுங்களே சுத்திக்கிட்டுப் போவாங்க.”

அவர்களுடைய மகள் யாழினிக்கு ஏழு வயது. ரோட்டோரம் இருந்த வேப்பமரத்துக்கும் மேற்கு மூலைக்குமாக மூன்று முறை ஓடி வந்தாள். மூச்சு வாங்கினாள், ஆனால் இருமவில்லை. சண்முகப்பிரியா அதை எண்ணிக்கொண்டே நின்றாள். பூமியின் விலை, மண்ணின் நிறம் எல்லாம் அதற்கப்புறம்தான் அவளுக்கு.

ஆட்டையாம்பட்டியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்துத் தறிப்பட்டறைக்கும் ஒரே சுவர். அந்தப்பக்கம் பன்னிரண்டு தறி ஓடும். இந்தப்பக்கம் சண்முகப்பிரியா அதே பட்டறைக்கு நூல்தார் சுற்றுவாள். சோற்றில் பஞ்சு, தலையணையில் பஞ்சு, குடிக்கிற தண்ணீர்ச் சொம்பின் விளிம்பில் பஞ்சு. அது பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. போன மார்கழியில் இரண்டு முறை சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “இன்னொரு மார்கழி அந்த வீட்டில் வேண்டாம்,” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த ஒன்றரை ஏக்கர் வெறும் பூமியில்லை. பிள்ளைக்கு மூச்சு.

கிளம்பும்போது ரோட்டில் ஒரு பொம்பளை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். சின்னாயி என்று பெயர். கிழங்கு மில்லில் தோல் சீவும் வேலை இல்லாத நாளில் ஆடு மேய்க்கிறவள். பதினோரு ஆடும் அந்தப் பூமிக்குள் இறங்கிப் புல்லைக் கடித்தன. தடத்தின் ஓரம் வரைக்கும் வந்து கடித்தன. ஒன்றுகூட அதில் கால் வைக்கவில்லை.

“அதுல நிக்காதீங்க அம்மிணி. உச்சிப்பொழுது ஆகப்போவுது,” என்றாள்.

“இது யாரு தடமுங்க?”

“பாப்பாயி தடம்.”

“எந்தூருக்காரங்க?”

“இந்தூருதான். தெனம் இப்பிடித்தான் போவா.”

“எப்ப வருவாங்க? நாங்க வாங்கப்போறமுங்க. பாத்து ஒரு வார்த்தை பேசிட்டா நல்லது.”

சின்னாயி சற்று யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தது.

“வாரதில்லீங். போறது மட்டுந்தான்,” என்றாள்.

*

விற்கிறவர் சென்னிமலை. அறுபது வயது. வாழ்வும் வசதியும் உள்ள பண்ணையக்காரர். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். மோர் கொடுத்து உட்கார வைத்தார். சண்முகப்பிரியா தடத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“சின்னாயி சொன்னாளாக்கும். அவளுக்கு ஆடு மேய்க்க எடம் போயிருமேன்னு கவலைங்க. வேற ஒண்ணுமில்ல.”

“தடம் இருக்குதுங்களே.”

“இருந்துச்சு அம்மிணி. நீக்கியாச்சு. பத்திரத்துலயே போட்டிருக்குது பாருங்க.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு அப்பா எழுதி வைத்த பத்திரத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். “நாலெல்லைக்குள் பாப்பாயி தடம் நீக்கி. நீக்கி. நீக்குனதை எழுதியே வெச்சிருக்குது. இதுக்கு மேல என்னத்தச் சொல்றது?”

சிவக்குமாருக்கு அது போதும். முப்பது வருடமாக அவருக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது. ஆவணி வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமையைப் பத்திரப்பதிவுக்குக் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

பத்திர எழுத்தர் சந்திரசேகர் அந்த வரியில் நின்றுவிட்டார். ஒல்லியான மனிதர். எழுத்தைப் பார்க்கும்போது மட்டும் முகத்தில் களை வரும்.

“நீக்கின்னா எடுத்தாச்சுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?”

“பின்னே?” என்றார் சென்னிமலை.

“அது போக மீதின்னு அர்த்தங்க. பூமி முச்சூடும் உங்களுது, பாப்பாயி தடம் மட்டும் உங்களுதில்ல. உங்க அய்யன் அதை நீக்கிட்டுத்தான் உங்களுக்கே குடுத்திருக்காரு. இல்லாததை எப்பிடி நீங்க இவருக்கு விக்கறீங்க?”

சென்னிமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். எழுத்து மாறவில்லை.

“வில்லங்கம் போட்டுப் பாத்தமுங்களே, ஒண்ணும் வரலியே,” என்றான் சிவக்குமார்.

“கம்ப்யூட்டருக்கு எழுவத்தஞ்சுக்கு மேல்பட்டதுதான் தெரியும். இது அதுக்கு முந்தினது. மூலப்பத்திரம் கொண்டாங்க.”

திங்கட்கிழமை மூலப்பத்திரம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. சென்னிமலையின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற அங்கமுத்து, தம்பியோடு பாகம் பிரித்தபோது எழுதியது. வயலட் மை சில இடங்களில் தேய்ந்திருந்தது. சந்திரசேகர் உரக்கப் படித்தார்.

“...மேற்படி பூமியில் கீழ்புறம் தடத்திலிருந்து மேல்புறம் மூலைக் கிணற்றுக்கு, பாப்பாயி என்பவள் யாதொரு தடையுமின்றி, சந்திர சூரியர் உள்ளவரை போக உள்ள மூன்றடி நடைத்தடம் நீக்கி...”

படித்துவிட்டு மறுபடி ஒரு முறை மனதுக்குள் படித்தார். பிறகு, “யாராச்சும் ஒரு டீ சொல்லுங்க,” என்றார்.

குடித்த பிறகுதான் சொன்னார்.

“இதுல ரெண்டு விஷயங்க. ஒண்ணு, வாரிசுன்னு ஒரு வார்த்தை இல்ல. புத்திர பௌத்திரன்னு எழுதுவோம், அதைக் காணோம். பாப்பாயிக்கு மட்டும், சந்திர சூரியர் உள்ளவரைக்கும். அந்தம்மா செத்தாலும் பாத்தியம் சாகாது. விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம்னாலும் கைநாட்டு வெக்கப் பாப்பாயியேதான் வரோணும்.”

“ரெண்டாவது?” என்றாள் சண்முகப்பிரியா.

“என்ற முப்பத்தாறு வருச சர்வீசுல தடம்னு எழுதுனா ‘போக வர’ன்னுதான் எழுதுவேன். எல்லாரும் அப்பிடித்தான். எழுதறவன் தூங்குனாலும் கை தூங்காது. இதுல ‘போக’ மட்டும் இருக்குது. ‘வர’ இல்ல.”

வெளியே பதிவு ஆபீஸ் வாசலில் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னிமலை டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் தானாகவே பேசினார்.

“அவ எங்க அப்பாரு பண்ணையத்துல களையெடுத்தவ. நாலு வயசுல ஒரு பையன். அவனைக் கெணத்து மேட்டுல புளியமர நெழல்ல உட்டுட்டு வேலை செஞ்சிருக்கறா. பையன் சத்தத்தைக் காணோம், பாத்துட்டு வாரேன்னு கேட்டிருக்கறா. புடிச்ச சால் ஒரு வரிசை, அதை முடிச்சுட்டுப் போன்னு எங்க அப்பாரு சொல்லிட்டாரு.”

சந்திரசேகர் பத்திரத்தை மடித்து வைத்தார்.

“சால் முடிச்சுட்டுப் போனா, கெணத்துல மெதக்கறான். அதுக்கப்புறம் அவ வேலைக்கு வல்லீங். தெனம் உச்சிக்கு ஒரு போசிப் பாத்திரத்துல கம்மங்கூழு கரைச்சுக்கிட்டு அந்தக் கெணத்துக்குப் போவா. யாரும் தடுக்கக் கூடாதுன்னு அப்பாருதான் பத்திரத்துல எழுத வெச்சாரு. எழுதுன மறுமாசம் ஒரு நாள் போனவ வரவே இல்ல. கெணத்தை எறைச்சுப் பாத்தாங்க. போசி கெடச்சுது. ஆளு கெடைக்கல. பொறவு கல்லைப் போட்டுத் தூத்துட்டாங்க.”

“அந்த ‘வர’?” என்றார் சந்திரசேகர்.

“எழுதுனவன் உட்டானோ, எங்க அப்பாரு உடச் சொன்னாரோ. அவ மூஞ்சில முழிக்கறது அவருக்கு ஆகாதுன்னு எங்க ஆத்தா சொல்லும். எனக்குத் தெரியாதுங்க. நான் நீக்கியாச்சுன்னே நெனைச்சிட்டேன்.”

*

“வேண்டாம் புள்ள. உட்டுரலாம்,” என்றான் சிவக்குமார் வீட்டுக்கு வந்ததும்.

ஆயிரம் அடி துளைக்கிறவன்தான். ஆனால் எலுமிச்சை குத்தாமல் ரிக்கை ஸ்டார்ட் செய்ய மாட்டான். அமாவாசையில் பைப் மாட்டமாட்டான். சண்முகப்பிரியாவுக்கு அதெல்லாம் தெரியும். அவள் தார் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“உட்டுட்டு?”

“வேற பாக்கலாம்.”

“மார்கழிக்குள்ளயா? ரெண்டு வருசமாப் பாத்தம். ஒண்ணுல தண்ணியில்ல, ஒண்ணுல தடமே இல்ல. தடம் இருக்கறதுல உங்களுக்குப் பயம்.”

“ஆளு நடக்கற தடம்னா சரி. இது...”

சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாழினி வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டுக் கால்களைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள். இருமல் வருமுன் அப்படித்தான் குனிவாள். அப்புறம் வந்தது. மருந்துப் புகையை மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் முதுகெலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் சட்டைக்கு மேலே எழும்பி அடங்கியது. சிவக்குமார் அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கலாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் சண்முகப்பிரியா அரிசியும் பருப்புஞ்சோறு கிண்டி டிபனில் போட்டுக்கொண்டு, யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறிப் போனாள். ஒரு வீட்டுக்குக் குடிபோகிறவள் பக்கத்து வீட்டுக்காரியை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவது வழக்கம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சின்னாயி வேப்பமரத்தடியில் இருந்தாள். டிபனைத் திறந்து ஆளுக்குப் பாதி தின்றார்கள்.

“பருப்பு நல்லா மலர்ந்திருக்குது,” என்றாள் சின்னாயி. “பாக்கோணும்னு வந்தீங்களாக்கும்.”

“நீங்க பாத்திருக்கறீங்களா?”

“எதைங்க பாக்கறது? ஆட்டைப் பாப்பேன். அது போதும்.”

சண்முகப்பிரியா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து, ரோட்டிலிருந்து மேற்கு மூலை வரை தடத்தைக் கூட்டினாள். பழைய காலடிகள் எல்லாம் போயின. மண் வழவழவென்று ஆயிற்று. கூட்டி முடித்து மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள்.

பொழுது தலைக்கு நேரே வந்தது. குச்சிக்கிழங்கு இலைகள் ஆடுவதை நிறுத்தின. ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை. புல் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. பதினோரு ஆடும் தலையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் பார்த்தன. பார்த்த தலைகள் மெதுவாக, ஒன்றுபோலத் திரும்பின. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் கிழக்கிலிருந்து மேற்கே. புளித்த கம்மங்கூழின் வாசம் வந்து போயிற்று. சண்முகப்பிரியா கண்ணை எடுக்காமல் தடத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆடு தும்மியது. அந்தப்பக்கம் ஒரு கணம் திரும்பிவிட்டுப் பார்த்தால், காலடிகள் இருந்தன.

வலது காலின் சுண்டுவிரல் விலகியிருந்தது.

அவள் எழுந்து, தடத்தில் ஏறாமல் புல்லில் நடந்து அந்தக் காலடிகளோடு கூடவே போனாள். மேற்கு மூலையில் கிணறு தூர்த்த கற்குவியல் முன்னால் அவை நின்றன. கடைசித் தடம் இரண்டு காலும் சேர்ந்தது. அதில் குதிகால் பதியவே இல்லை. விரல்கள் மட்டும் ஆழமாக அழுந்தியிருந்தன.

எட்டிப் பார்க்கிறவளுடைய கால். அறுபது வருடமாகத் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போக எழுத்து இல்லாமல் நிற்கிறவள். பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்றவளை ஒருவர் நிறுத்தினார். போனவளை ஒரு வார்த்தை வரவிடாமல் பண்ணியது. சண்முகப்பிரியாவுக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிதாக ஒரு ஆத்திரம் வந்து பயத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

*

வியாழக்கிழமை சந்திரசேகரின் மேசையில் அவள் சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தான் வாங்கற பூமில தானே வில்லங்கம் எழுதிக்கறேன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்,” என்றார் சந்திரசேகர். “நானே உங்களுக்கு வழி சொல்லலாம்னு இருந்தேன். அந்த வரியை உட்டுட்டு எழுதிட்டா, கேக்க யாரும் வரமாட்டாங்க.”

“யாரும் வரமாட்டாங்கன்னு உங்களுக்கு நிச்சயமாங்க?”

அவர் மூலப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“அந்த மூணடி அப்பிடியே கெடக்கட்டுமுங்க. நாங்க ஊட்டை வடக்கால தள்ளிக் கட்டிக்கறோம். போரும் தள்ளிப் போட்டுக்கலாம்.” புருசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினான். “ஆனா ஒரு வார்த்தை சேத்தி எழுதோணும்.”

“சொல்லுங்க.”

“வர.”

சந்திரசேகர் பேனாவை எடுத்தார். கம்ப்யூட்டரில் அடிக்கிற பையன் கையை எடுத்துக்கொண்டு காத்திருக்க, அவர் அந்த வரியை மட்டும் தன் கையால் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். பாப்பாயி என்பவள் யாதொரு தடையுமின்றி, சந்திர சூரியர் உள்ளவரை, போக வர உள்ள மூன்றடி நடைத்தடம் நீக்கி. சென்னிமலை அதைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க அப்பாரு செய்யோணும். நீ செய்யற அம்மிணி,” என்றார். கையெழுத்துப் போடும்போது அவர் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

பத்திரம் பதிவாகி வெளியே வந்தபோது பொழுது உச்சியில் நின்றது. பதிவு ஆபீஸ் வாசலில் நின்ற சண்முகப்பிரியாவுக்கு அந்தக் கம்மங்கூழ் வாசம் ஒரு கணம் வந்ததுபோல் இருந்தது. புருசனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தேங்காய் உடைக்க யாழினியோடு மூன்று பேரும் போனார்கள். ராத்திரி நல்ல மழை. சின்னாயி ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆடுகளும் இறங்காமல் நின்றன.

“நான் கால் வெக்கல, ஆட்டையும் உடல,” என்றாள். “நீங்களே பாருங்க.”

கற்குவியலில் தொடங்கி, ரோட்டை நோக்கி வந்திருந்தன காலடிகள். வலது சுண்டுவிரல் விலகிய கால். இம்முறை குதிகால் நன்றாக, நிதானமாகப் பதிந்திருந்தது. அதற்கு இடது பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு ஜோடி. சின்னக் கால். பெரிய கால் ஒரு எட்டு வைத்த இடத்தில் அது இரண்டு எட்டு வைத்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் சின்னக் கால் மட்டும் குதித்து விளையாடியிருந்தது, பெரிய கால் நின்று காத்திருந்தது.

சிவக்குமார் யாழினியின் கையை இறுகப் பிடித்தான். அவள் செருப்பைப் பார்த்தான். செருப்பில் சேறு இல்லை.

“என்னையவிடச் சின்னப் பாப்பாப்பா,” என்றாள் யாழினி, தன் காலைப் பக்கத்தில் நீட்டி அளந்து.

இரண்டு ஜோடிக் காலடிகளும் வேப்பமரத்தைத் தாண்டி வந்து தார் ரோட்டில் முடிந்தன. தாரில் ஒன்றும் தெரியவில்லை. ரோடு தெற்கேயும் வடக்கேயும் வெறுமையாகக் கிடந்தது.

“கெளம்பிட்டாங்க,” என்றான் சிவக்குமார். பல நாளாக அடக்கிவைத்த மூச்சு அவனிடமிருந்து வந்தது. “அவ்வளவுதான் புள்ள. முடிஞ்சுது.”

சண்முகப்பிரியா ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். வாசல் வரை வந்து யாரையோ வழியனுப்புகிறவள் மாதிரி அவளுக்கே தோன்றியது. வாய் தானாகச் சொன்னது.

“போயிட்டு வாங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கிளம்புகிறவர்களைப் பார்த்துப் ‘போங்க’ என்று சொல்ல இந்தப் பக்கத்தில் யாருக்கும் நாக்கு வராது. அவளுக்கும் வரவில்லை. சிவக்குமாரின் முகம் வெளுத்துப் போயிற்று.

“என்ன புள்ள, வாங்கங்கறே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். யாழினி புல்லில் இறங்கி, தடத்தில் ஏறாமல், அதன் ஓரமாகவே ஓடிக்கொண்டிருந்தாள். இருமவில்லை.

“வரட்டுமுங்க,” என்றாள். “தடம் கெடக்குதில்ல.”